வரலாற்று நோட்டை யார் எழுதுவது?

கேள்வி:

கும்பகோணத்தில் இருக்கிறோம். இரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம். மூத்தவனுக்கு 13 வயது, பெண்ணுக்கு 9, கடைக்குட்டிக்கு 6. மற்ற பாடங்கள் எப்படியோ ஓடிவிடுகின்றன. வரலாறுதான் உயிரை எடுக்கிறது. பெரியவனுக்கு விடுதலைப் போராட்டம், பெண்ணுக்குச் சோழர்கள், சின்னவனுக்குச் சிந்துவெளி என்று மூன்று பேருக்கும் தனித்தனியாக நடத்துகிறேன். யூட்யூபில் வெளிநாட்டு அம்மாக்கள் காட்டுவதைப் பார்த்து ஆளுக்கொரு ஸ்க்ராப் புக், கலர் பிரிண்ட், போர்ட்ஃபோலியோ ஃபைல் என்று ஆரம்பித்தேன். இப்போது வெட்டுவதும் நான், ஒட்டுவதும் நான். பெண் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதுகிறாள். பெரியவன் 'இதெல்லாம் சின்னப் பசங்க வேலை' என்று நோட்டையே தொடுவதில்லை. மாமியார் 'ரெண்டு வருஷமா என்னதான் படிச்சாங்க?' என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. நாளைக்குப் பள்ளியிலோ திறந்தநிலைப் பள்ளியிலோ சேர்க்கும்போது இந்த ஃபைலைக் கேட்பார்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாதிப் பதற்றம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. கேட்க மாட்டார்கள்.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் பல அமெரிக்காவிலிருந்து வந்தவையாக இருக்கும். அங்கே வீட்டுக்கல்விச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் பிள்ளை வருடம் முழுக்கச் செய்த வேலைகளைத் தொகுத்து வைத்து, தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. அந்த ஊர் அம்மா ஃபைல் போடுவதில் கட்டாயமும் கலந்திருக்கிறது. நமக்கு வீட்டுக்கல்விக்கென்று தனிச்சட்டமே கிடையாது. அதனால் உங்கள் வீட்டு ஸ்க்ராப் புக்கைப் புரட்டிப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

பெரியவனுக்கு 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். வயதுச் சான்று மாதிரியான ஆவணங்களைக் கேட்பார்கள். ஸ்க்ராப் புக்கைக் கேட்பதில்லை. நடுவில் பள்ளிக்கே திரும்புவதென்றாலும், பள்ளியில் சேராத குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, தலைமையாசிரியர் எதிரே உட்கார்ந்து 'இத்தனை நாள் என்ன செய்தாள்?' என்று கேட்கத்தான் செய்வார். அப்போது கையில் இருக்க வேண்டியது அவள் கையெழுத்தில் நாலைந்து நல்ல பக்கங்கள். நாற்பது பக்கக் கலர் பிரிண்டைப் பார்த்தால் அவருக்கு உங்கள் பிரிண்டரைப் பற்றித்தான் தெரியும்.

சரி, என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். அந்தக் காலத்தில் நோட்டுக்கு 10 மார்க் என்று ஒரு வழக்கம். பார்டர் போட்டு, தலைப்புக்கு ஸ்கெட்ச் அடித்து, படம் ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து போடுவேன். ஒருமுறை பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஓர் அப்பா தயங்கித் தயங்கி வந்தார். "டீச்சர், போன தடவை நீங்க போட்ட பத்து மார்க் எனக்குத்தான்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வீட்டுக்குப் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எந்த வரலாற்று நோட்டைக் கையில் எடுத்தாலும் 'இதை யார் எழுதியது?' என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டில் இப்போது எழுதுவது நீங்கள். அதை நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்றை நிறுத்த வேண்டும்: மூன்று பேருக்கும் மூன்று காலம் நடத்துவதை. ஒரே சமையலறையில் மூன்று அடுப்பில் மூன்று சமையல் செய்தால் யாராக இருந்தாலும் களைத்துப்போவார்கள். குழம்பு ஒன்றுதான் வைக்க வேண்டும். காரம் குறைவாக வேண்டுமென்றால் சின்னவனுக்கு நெய் ஊற்றிப் பிசைந்து கொடுங்கள்.

நீங்கள் இருப்பது கும்பகோணம். வரலாற்றைப் புத்தகத்தில் தேட வேண்டிய அவசியமே இல்லாத ஊர். இந்த வருடம் மூவருக்கும் சோழர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பெரியவன் எட்டாம் வகுப்புப் பாடத்தைத் தவறவிட்டுவிடுவானே' என்று பயம் வரும். கணக்கில்தான் ஒரு படியை விட்டால் அடுத்த படி ஏற முடியாது. வரலாற்றை எங்கிருந்து ஆரம்பித்தாலும் உள்ளே போகலாம். விடுதலைப் போராட்டப் பாடத்தை அவன் அடுத்த வருடம் படித்துக்கொள்வான், அதுவும் வேகமாக.

ஒரு காலை தாராசுரம் போங்கள். உங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் இருக்குமா? ஐராவதேசுவரர் கோயில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது என்பதையெல்லாம் வாசலில் நின்று சொல்லாதீர்கள். பேசாமல் உள்ளே விடுங்கள். கேமரா வேண்டாம், ஆளுக்கொரு பென்சிலும் நோட்டும் போதும். அங்கே ஒரு சிற்பம் இருக்கிறது, தலை ஒன்று, உடல் இரண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்காமல் மூவரையும் தேட விடுங்கள்.

கடைக்குட்டி அதைப் பார்த்ததும் வரைவான். வரைவது யானை மாதிரியும் இருக்காது, காளை மாதிரியும் இருக்காது. திருத்தாதீர்கள். வரைந்து முடித்ததும் 'இது என்னடா?' என்று கேட்டு, அவன் சொல்வதைச் சொன்னபடியே படத்துக்குக் கீழே எழுதுங்கள். "யானையும் மாடும் ஒரே தலைய மாத்தி மாத்தி போட்டுக்குது" என்றால் அதையே எழுத வேண்டும். உங்கள் கைக்கு 'யானையும் காளையும் இணைந்த அபூர்வச் சிற்பம்' என்று எழுதத்தான் வரும். அது வேண்டாம். எழுதத் தெரியாத பிள்ளைக்கு நீங்கள் எழுத்தர் மட்டும்தான். கீழே தேதி. ஆறு வயதுக்காரனின் வரலாற்று நோட்டு அவ்வளவே. மாதத்துக்கு மூன்று பக்கம் சேர்ந்தால் தாராளம்.

பெண் விஷயம் வேறு. பார்த்து எழுதுவது சோம்பலால் என்று நினைக்காதீர்கள். எது முக்கியம் என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறாள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதக் கூடாது என்று ஒரே ஒரு விதி போடுங்கள். முதலில் படிக்கட்டும். பிறகு மூடி வைத்துவிட்டு உங்களிடம் வாயால் சொல்லட்டும். சமையல் செய்துகொண்டே கேட்கலாம்; கேள்வி கேட்டு நடுவில் மறிக்காதீர்கள். அதற்கப்புறம் ஐந்தாறு வரி எழுதச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கு முன் சார்லட் மேசன் என்ற கல்வியாளர் வலியுறுத்திய முறை இது. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இன்றும் விடாமல் பிடித்திருக்கின்றன. நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லத் தெரியாத பிள்ளை நம் வீடுகளில் எங்கே இருந்தது?

அவளுக்கு வாங்க வேண்டியது ஸ்க்ராப் புக் இல்லை. ஒரு பக்கம் கோடு, மறு பக்கம் வெள்ளையாக இருக்குமே, அறிவியல் செய்முறைக்கு வாங்கும் ரெக்கார்டு நோட்டு, அது. வெள்ளைப் பக்கத்தில் படமோ, வரைபடமோ, கோயிலின் தரைப்படமோ வரட்டும். கோடு போட்ட பக்கத்தில் எழுத்து. ஒட்டுவதற்கு ஒரு விதி: ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேல் ஒட்டக் கூடாது, ஒட்டியதற்குக் கீழே அது என்ன, எங்கே கிடைத்தது என்று அவளே எழுத வேண்டும். இந்த விதி வந்ததும் பாதிப் படங்கள் தானாகவே காணாமல் போய்விடும், பாருங்கள்.

பெரியவனைப் பற்றி உங்களுக்கு அதிகக் கவலை. எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. அவன் சொல்வது சரி, நீங்கள் அவனுக்குக் கொடுத்தது சின்னப் பசங்க வேலைதான். 13 வயதில் பிள்ளைக்குத் தேவை ஒரு வழக்கு. தாராசுரத்திலேயே ஒன்று இருக்கிறது, சொல்கிறேன்.

அந்தக் கோயிலில் ஒரு துவாரபாலகர் சிலை இருந்தது. இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பார்த்தவுடனே சோழ நாட்டு வேலை இல்லை என்று தெரியும். முகம், நகை, நிற்கும் விதம் எல்லாம் வேறு. பீடத்தில் தமிழில் எழுதியிருக்கிறது: 'கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்'. கல்யாணபுரம் என்பது சாளுக்கியர் தலைநகர், இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாண். 'எறிந்து' என்றால் அழித்து. விஜயராஜேந்திரன் என்று பட்டம் சூட்டிக்கொண்ட முதலாம் ராஜாதிராஜன் அந்த ஊரைச் சூறையாடி, வெற்றிச் சின்னமாகத் தூக்கி வந்த சிலை. ராஜாதிராஜன் 1054-இல் கொப்பம் போரில் இறந்துபோனான். தாராசுரம் கோயிலோ அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்துக் கட்டியது.

அப்படியானால் நடுவில் அந்த நூறு வருடம் சிலை எங்கே இருந்தது? யார் தாராசுரத்துக்குக் கொண்டு வந்தார்கள்? இதை அவனிடம் கேட்டுவிட்டு நீங்கள் போய்விடுங்கள். விடை அவனுக்கு உறுதியாகக் கிடைக்காமல் போகலாம், பரவாயில்லை. எந்தெந்தத் தலைநகரங்கள் பக்கத்தில் இருந்தன, பழையாறை எங்கே, கங்கைகொண்டசோழபுரம் எங்கே என்று வரைபடத்தை விரிக்க ஆரம்பித்தான் என்றால் போதும். அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமானது: கல்யாணபுரத்துப் பிள்ளை இந்தக் கதையை எப்படிப் படிப்பான்? 'எறிந்து' என்ற அந்த ஒரு சொல்லை வைத்து அவன் இரண்டு பக்கம் எழுத முடியும். பார்டர் தேவையில்லை.

அவனுக்கு லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். இடது பக்கம் 'என்ன ஆதாரம்', வலது பக்கம் 'நான் என்ன நினைக்கிறேன்'. வலது பக்கத்தை அடித்துத் திருத்தி எழுதலாம், அழிப்பான் கூடாது. மூன்று மாதம் கழித்துத் தன் அபிப்பிராயம் மாறியதை அவனே பார்ப்பது நல்லது.

மூவருக்கும் பொதுவாக ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் மேல் மூலையில் கண்டது, கேட்டது, படித்தது என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். சின்னவனுக்கு ஒரு கண், ஒரு காது, ஒரு புத்தகம் வரைந்தால் போதும். சாதாரணமாகத் தெரியும், ஆனால் வரலாற்றுப் படிப்பின் அடித்தளம் இந்த மூன்று சொல்லில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று உங்கள் பெண்ணுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அது 'கேட்டது'. ஒரு நாள் மாலை நாலு மணிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நிழல் நன்றாகவே விழும். அது 'கண்டது'. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதட்டும். அந்த விமானம் 200 அடிக்கு மேல் உயரம், 1010 வாக்கில் முடிந்தது என்பதெல்லாம் 'படித்தது'. சினிமாவில் பார்த்ததை எங்கே எழுதுவது என்று கேட்பார்கள். 'கேட்டது' பக்கத்தில்தான். கண்ணால் பார்த்ததுதானே என்று வாதாடுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று வயதையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க இன்னொரு வழி, நடித்துப் பார்ப்பது. எனக்குத் தெரிந்து குடவோலையைப் போல இதற்குப் பொருந்துவது வேறில்லை. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது, 921-ஐ ஒட்டிய காலம். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுப்பது எப்படி என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரை 30 குடும்புகளாக, இன்றைய வார்டு மாதிரி, பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். குடத்துக்குள் கையை விட்டு எடுப்பது யார் தெரியுமா? விவரம் அறியாத ஒரு சிறுவன். எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏமாற்றக் கூடாதல்லவா?

உங்கள் கடைக்குட்டிக்கு வேடம் தயார். பெண் ஓலை எழுதட்டும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் போடலாம். பனையோலை கிடைக்காவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகையை நறுக்கிக்கொள்ளலாம். பெரியவன் கையில் தகுதி விதிகளைக் கொடுங்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் (வேலி என்பது பழைய நில அளவு). சொந்த மனையில் கட்டிய வீடு. கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஒவ்வொரு பெயராக எடுத்து அவன் தள்ளுபடி செய்யட்டும். வாடகை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். அப்பா பெயரும் போகலாம். சிரிப்பும் சண்டையுமாக இருக்கும்.

அடங்கியதும் பெரியவனிடம் கேளுங்கள்: வேதம் படித்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறதே, பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை இது. அப்படியென்றால் அந்த ஊரில் உழுதவர் பெயர் குடத்துக்குள் போயிருக்குமா? பெண்கள் பெயர்? 'உலகுக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம்' என்று மேடையில் கேட்பதற்கும் கல்வெட்டில் இருப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை அவனே அளக்கட்டும். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் கணக்குக் காட்டாதவனைத் தள்ளி வைத்தார்கள் என்ற ஆச்சரியம் அதனால் குறைந்துபோகாது. இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள 13 வயதில் முடியும்.

அன்றைக்கு மூன்று நோட்டிலும் மூன்று விதமாக வரும். சின்னவன் குடம் வரைவான். பெண் எப்படி நடந்தது என்று ஆறு வரி எழுதுவாள். பெரியவன் எழுதினால் எழுதட்டும், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். செய்ததையெல்லாம் எழுத வைத்தால் அடுத்த முறை நடிக்கவே வரமாட்டார்கள். இதை நான் அனுபவப்பட்டே சொல்கிறேன்.

காலவரிசை குழம்பிவிடும் என்று கேட்பீர்கள். அதற்கு நோட்டு உதவாது, சுவர் வேண்டும். சார்ட் பேப்பரை நீளவாக்கில் பட்டையாக நறுக்கி ஒட்டிக்கொண்டே போங்கள். ஒரு நூற்றாண்டுக்கு 10 சென்டிமீட்டர். இன்றிலிருந்து பின்னால் போக வேண்டும். சின்னவனின் ஆயுசு 6 மில்லிமீட்டர். பேனாவால் ஒரு பட்டை அடித்தால் முடிந்தது, அதிலேயே அவனுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். பாட்டிக்கு 70 வயது என்றால் 7 சென்டிமீட்டர். பெரிய கோயில் ஒரு மீட்டர் தள்ளி. கீழடியின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறை சொல்கிறது. அது 2 மீட்டர் 60 தள்ளி. ஒட்டி முடித்ததும் பெண்ணிடம் ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்: ராஜராஜனுக்குப் பக்கத்தில் இருப்பது நாமா, கீழடிக்காரர்களா? நாம்தான். 'பழங்காலம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது அன்றைக்கு அவிழும். சின்னவனுக்கு நீங்கள் நடத்திய சிந்துவெளி இந்தக் கணக்கில் 4 மீட்டர் 60 தள்ளி வரும். ஹால் சுவர் போதாது, சமையலறைக்குள் போய் ஒட்டுங்கள். ஹரப்பாவைப் பார்க்கச் சமையலறைக்கு ஓட வேண்டும் என்றால் அந்தத் தூரம் பிள்ளைக்கு மறக்காது.

இப்போது ஃபைல். நோட்டையும் ஃபைலையும் ஒன்றாக்கியதில்தான் சிக்கல் வந்தது என்று நினைக்கிறேன். நோட்டு பிள்ளையின் பொருள். கிறுக்கலாம், தப்பாக எழுதலாம், பாதியில் விடலாம், வந்தவர்களிடம் காட்ட மாட்டேன் என்று ஒளித்து வைக்கலாம். ஃபைல் உங்கள் பொருள். ஆளுக்கொரு பாக்ஸ் ஃபைல் வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து நாலைந்து பக்கத்தை மட்டும் எடுத்துப் போடுங்கள். நோட்டைக் கிழிக்க வேண்டாம், ஜெராக்ஸ் போதும். இரண்டை நீங்கள் தேர்ந்தெடுங்கள், மற்றதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். ஏன் இதை எடுத்தாய் என்று ஒரு வரி எழுதிச் சொருகச் சொல்லுங்கள். அழகான பக்கத்தைவிட, முதலில் எழுதியதும் பிறகு திருத்தி எழுதியதும் சேர்ந்த ஜோடிப் பக்கங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். தலைமையாசிரியரோ வேறு யாரோ புரட்டினால், பிள்ளை வளர்ந்தது அதில்தான் தெரியும். போன இடங்களின் பட்டியல் ஒரு தாளில், தேதியோடு. மண்ணில் செய்த கோட்டை, அட்டையில் செய்த தேர் மாதிரியானவற்றுக்கு ஒரு புகைப்படம் போதும். பொருளையே வைத்துக்கொள்ளாதீர்கள், கரையான் வரும்.

சின்னவன் வாயால் சொல்வதை அவ்வப்போது போனில் பதிவு செய்து, பெயரும் தேதியும் போட்டு வையுங்கள். மூன்று வருடம் கழித்து அவனே கேட்டுவிட்டுச் சிரிப்பான்.

தேதி, தேதி, தேதி. நான் சொன்னதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். தேதி இல்லாத தாள் ஃபைலில் போவது வீண்.

நேரம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தின் களைப்பைப் பார்த்தால் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம். மாதம் ஒருமுறை வெளியே. அவ்வளவு போதும். பெரியவன் தனியாக வாசிப்பது இதில் சேராது. நடத்தியதற்கெல்லாம் நோட்டில் பக்கம் இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். வாங்கி வைத்த மூன்று ஸ்க்ராப் புக்கையும் தூக்கிப் போட வேண்டாம். சின்னவன் படம் வரைய வெள்ளைத் தாள் எப்படியும் வேண்டும்.

கடைசியாக மாமியார். அவரிடம் ஃபைலைக் காட்டி ஜெயிக்க நினைக்காதீர்கள். அவரையே பாடமாக்கிவிடுங்கள். கும்பகோணத்தில் 1968, 1980, 1992, 2004, 2016 என்று மகாமகம் வந்திருக்கிறது. இதில் எத்தனையைப் பார்த்தார், யாரோடு போனார், அன்றைக்கு வீட்டில் எத்தனை பேர் தங்கினார்கள், எங்கே படுத்தார்கள், என்ன சமைத்தார்கள் என்று கேட்கலாம். பெரியவன் அவருடைய பழைய பள்ளிச் சான்றிதழையோ வீட்டுப் பத்திரத்தையோ வாங்கிப் பார்க்கட்டும். 1969 ஜனவரிக்கு முந்தையதாக இருந்தால் அதில் தமிழ்நாடு என்று இருக்காது, ஏன் என்று அவனே தேடிக் கண்டுபிடிப்பான். பெண் இரண்டு மகாமகத்தை எடுத்துக்கொண்டு ஒன்றுக்கும் மற்றதுக்கும் என்ன மாறியது என்று எழுதலாம். எல்லாம் 'கேட்டது' பக்கம். பாட்டியின் பெயரையும் கேட்ட தேதியையும் போடச் சொல்லுங்கள், ஒரு சாட்சிக்குத் தரும் மரியாதை அது. எழுதிய பிறகு அவரிடமே வாசித்துக் காட்டி, தப்பு இருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும். நிச்சயம் திருத்துவார்.

ஒன்று மட்டும். கேட்கப் போகும்போது பெரியவனை முதலில் அனுப்பாதீர்கள். நோட்டும் பேனாவுமாகப் போய் எதிரே உட்கார்ந்தால் பாட்டி இரண்டு வரியில் முடித்துக்கொள்வார். சின்னவனை மடியில் உட்கார வைத்துக் கேட்க விடுங்கள். மற்ற இருவரும் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கட்டும்.